ஆவாரை இலை டிஎன்ஏ: பிசிஆரில் பட்டை வராததற்கு

காரைக்குடியில் எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக எடுத்த ஆவாரை இலை டிஎன்ஏ பழுப்பாக இருக்கிறது, தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் 0.8தான், பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஓட்டினால் ஜெல்லில் பட்டையே (band) இல்லை என்கிறீர்கள். பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஆவாரையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். இலையை அரைத்ததும் அது ஆக்சிஜனேற்றமாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு பிசிஆரைத் தடுக்கும்.

முற்றிய இலை வேண்டாம். கொழுந்தைக் காலையிலேயே பறித்து உடனே ஐஸில் வையுங்கள், செட்டிநாட்டு வெயிலில் வண்டிப் பையில் கிடந்தால் கெட்டுவிடும். 100 மில்லிகிராம் போதும். செல்லை உடைக்கும் 2% சிடிஏபி கரைசலில், டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2% சேருங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 1%, அன்றன்றைக்குத்தான் கலக்க வேண்டும், ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை வெளியேற்றும் பெட்டி). குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சேர்த்து இரண்டு முறையாவது சுழற்றிப் பிரியுங்கள், டிஎன்ஏ இருக்கும் மேலடுக்கு தெளியும்வரை.

இப்போது கையிலிருக்கும் டிஎன்ஏவையும் கொட்டிவிடாதீர்கள். 10 மடங்கு, 50 மடங்கு நீர்க்கச் செய்து பிசிஆர் ஓட்டிப் பாருங்கள். அதில் பட்டை வந்தால் பிசிஆரைத் தடுக்கும் பொருள்தான் காரணம், பிரைமர் இல்லை.