பாலத்துக் கதையை இனிச் சொல்லாதீர்கள்

கேள்வி: எங்கள் வாலிபர் கூட்டத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் எழுந்து, "இயேசுவால் பாவம் செய்யவே முடியாது என்றால் வனாந்தரச் சோதனை நடிப்புதானே? பாவமே செய்யாத ஒருவரைத் தண்டித்துவிட்டு, பாவம் செய்த நம்மை விட்டுவிடுவது என்ன நீதி?" என்று கேட்டான். ரயில் பாலத்துக் கதையைச் சொல்லி விளக்கினேன். அவன் ஏற்கவில்லை. இது சாத்தான் எழுப்பும் கேள்வி என்று சொல்லி உட்காரவைத்தேன். பிறகு அவன் கூட்டத்துக்கே வரவில்லை. இத்தகைய விதண்டாவாதிகளைச் சபையில் எப்படிக் கையாள்வது?
– வாலிபர் கூட்டத் தலைவர் ஒருவர்

பதில்: சகோதரரே, முதலில் நீதிமொழிகள் 17:15-ஐ எடுத்து வாசியுங்கள். துன்மார்க்கனை நீதிமான் ஆக்குகிறவன், நீதிமானைக் குற்றவாளி ஆக்குகிறவன், இருவருமே கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது அந்த வசனம். பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படக் கூடாது என்கிறது உபாகமம் 24:16. ஜனங்களின் பாவத்துக்காகத் தன் பேரைக் கிறுக்கிப்போடும்படி மோசே மன்றாடியபோது, எனக்கு விரோதமாகப் பாவம் செய்தவன் பேரையே கிறுக்கிப்போடுவேன் என்று கர்த்தர் மறுத்துவிட்டார். அது யாத்திராகமம் 32. உங்கள் மாணவன் கேட்டதும் இதைத்தான். வேதம் மூன்று இடத்தில் எழுப்பும் கேள்வியைச் சாத்தானின் கேள்வி என்று சொல்லி ஒரு பிள்ளையைச் சபைக்கு வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். விதண்டாவாதம் செய்தது அவன் இல்லை.

அவனுக்கு நீங்கள் கொடுத்த பதிலைப் பார்ப்போம். அறியாத வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலை ஒரு தகப்பனுக்கு. ரயில் வரும் நேரத்தில் அவருடைய சின்ன மகன் இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள் விழுந்துவிடுகிறான். பாலத்தை இறக்கினால் மகன் நசுங்குவான். இறக்காவிட்டால் ரயில் ஆற்றில் விழும். தகப்பன் நெம்புகோலை இழுக்கிறார். உள்ளே இருப்பவர்கள் ஒன்றும் அறியாமல் கடந்து போகிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் இதைக் கேட்டுச் சிறுவயதில் நானும் அழுதிருக்கிறேன். இன்று கேட்டால் வருத்தமாக இருக்கிறது. அந்தச் சிறுவனுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. அவன் எதற்கும் சம்மதிக்கவில்லை, தவறி விழுந்தான். அவன் நல்ல பிள்ளையாக இருந்தாலும் பொல்லாத பிள்ளையாக இருந்தாலும் ரயில் தப்பித்திருக்கும். இயேசுவின் மனமும், அவர் வாழ்ந்த வாழ்க்கையும், அவருடைய பாவமின்மையும் அந்தக் கதைக்குத் தேவையே இல்லை. சுவிசேஷத்தில் அவர் தம் ஜீவனைப் பற்றி "நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார். எல்லாரும் கெட்டுப்போவதைவிட ஒருவன் சாவது நலம் என்று கணக்குப் போடுகிறவன் பிரதான ஆசாரியனான காய்பா. அவன் அறியாமலே தீர்க்கதரிசனம் சொன்னான் என்று யோவான் எழுதுகிறார், உண்மைதான். அதற்காகக் காய்பாவின் கணக்கைப் பிதாவின் இருதயமாக நாம் பிரசங்கிக்கலாமா?

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், 1098இல் முடித்த தம் நூலில், தம் சீடர் போசோவின் வாயில் இதையே வைக்கிறார்: மனிதர் எல்லாரிலும் நீதிமானானவரைப் பாவிக்காக மரணத்துக்கு ஒப்புக்கொடுப்பது என்ன நீதி? அன்செல்ம் போசோவை உட்காரவைக்கவில்லை, பதில் சொன்னார். குற்றமற்றவரைச் சாகும்படி பிதா கட்டாயப்படுத்தவில்லை. குமாரன் நீதியைக் கடைசிவரை விடாமல் பற்றி நின்றார். அப்படி நின்றதனால்தான் மரணம் அவர்மேல் வந்தது என்றார். கடனை ஒருவருக்காக மற்றவர் அடைக்கலாம், குற்றத்தின் தண்டனையை அப்படி மாற்ற முடியாது என்று 16ஆம் நூற்றாண்டில் பவுஸ்டோ சொசீனி என்ற இத்தாலிய இறையியலாளர் வாதிட்டார். அதற்குப் பதில் எழுதச் சீர்திருத்த சபையின் அறிஞர்கள் தலைமுறைகளாக உழைத்தார்கள். பவுஸ்டோவின் முடிவுகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் அந்த அறிஞர்கள் கேள்விக்கு அஞ்சி ஓடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இனிச் சோதனைக்கு வருகிறேன். கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தவருக்கு மனுஷ சித்தம் ஒன்று இருந்ததா? 7ஆம் நூற்றாண்டில் பைசாந்திய அரசும் கான்ஸ்டான்டிநோபிளின் பிதாப்பிதாக்களும் கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்று சொல்லி, பிரிந்து கிடந்த சபைகளைச் சேர்த்துவிடப் பார்த்தார்கள். மாக்சிமு என்ற முதிய துறவி சம்மதிக்கவில்லை. மனுஷ சித்தம் இல்லையென்றால் அந்தத் தோட்டத்தில் கீழ்ப்படிந்தது யார் என்பது அவருடைய வாதம். மரணத்தைக் கண்டு கூசுவது மனுஷ இயல்பு, அது பாவமில்லை. அந்தக் கூச்சத்தோடேயே பிதாவுக்கு ஆம் என்றாரே, அங்கேதான் நம் இரட்சிப்பு நடக்கிறது என்றார். 662இல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். அதே ஆண்டில் இறந்தார். 680–681இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், கிறிஸ்துவுக்குத் தேவ சித்தமும் மனுஷ சித்தமும் உண்டென்று அறிக்கையிட்டது. ஒரு மனிதர் நாக்கைக் கொடுத்துக் காத்த சத்தியத்தை உங்கள் மாணவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த வார்த்தையில் கேட்டிருக்கிறான்.

அவரால் பாவம் செய்ய முடியுமா, முடியாதா என்று பிறகும் சண்டை ஓயவில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிரெஸ்பிட்டேரியன் அறிஞர்களே இரு பக்கம் நின்றார்கள். பாவம் செய்யக்கூடிய நிலை இல்லாமல் சோதனை இல்லை என்றார் சார்லஸ் ஹாட்ஜ். வில்லியம் ஷெட் மறுத்தார். தேவகுமாரன் பிதாவை மறுதலிக்க முடியாது என்ற பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் எபிரெயர் நிருபம் அந்த "முடியாது" என்ற சொல்லில் நம்மை நிறுத்தவில்லை. எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், பாவமில்லாதவராயிருக்கிறார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்றும் சொல்கிறது. நடிக்கிறவருக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பசித்தது உண்மையான வயிறு. கெத்செமனேயில் வியர்த்தது உண்மையான உடம்பு.

எட்வர்ட் எர்விங்கின் கதையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஆனன் ஊரில் 1792இல் பிறந்து, லண்டனில் பெருங்கூட்டத்தைத் திரட்டிய பிரசங்கியார். கிறிஸ்து எடுத்துக்கொண்டது ஆதாமின் விழுகைக்குப் பிந்திய நம்முடைய மாம்சத்தையே என்றும், பரிசுத்த ஆவியின் பலத்தால் அவர் ஒருபோதும் பாவம் செய்யவில்லை என்றும் போதித்தார். அப்படியானால் பலியிடப்படும் ஆட்டுக்குட்டியில் மாசு ஒட்டிவிடுமே என்று எதிர்த்தவர்கள் பயந்தார்கள். நம் மாம்சத்தில் அல்லாமல் வேறொன்றில் கிடைத்த வெற்றி நமக்கு எப்படி உதவும் என்று எர்விங் பயந்தார். ரோமர் 8:3-இல் வரும் "பாவமாம்சத்தின் சாயலாகவும்" என்ற தொடரைச் சுற்றியே இரு தரப்பும் நின்றன. 1833 மார்ச்சில் பிறந்த ஊரின் பிரெஸ்பிட்டரியே, அதாவது போதகர்களும் மூப்பர்களும் கூடிய சபை மன்றமே, அவரைப் போதகர் பதவியிலிருந்து நீக்கியது. 1834 டிசம்பரில் 42 வயதில் இறந்துபோனார். அவர் பயன்படுத்திய சில வார்த்தைகள் எல்லை மீறியவை என்றே நினைக்கிறேன். அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் ஆளை மட்டும் வெளியே அனுப்பினார்கள்.

இரண்டு கேள்விகள் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. பாவமின்மை என்றால் சந்தையில் ஆட்டின் பல்லையும் காலையும் பார்த்து ஊனமில்லை என்று உறுதி செய்துகொள்வதைப் போல நாம் பேசிவிடுகிறோம். முதலில் தகுதி, அப்புறம் வெட்டு. எபிரெயர் 10 அப்படிப் பேசவில்லை. ஆடுமாடுகளின் பலியில் பிரியமில்லை, "உம்முடைய சித்தத்தின்படி செய்ய, இதோ, வருகிறேன்" என்ற சங்கீத வார்த்தையை இயேசுவின் வாயில் வைக்கிறது. அந்தச் சித்தத்தினாலேதான் நாம் பரிசுத்தமாக்கப்பட்டோம் என்கிறது. மாட்டுத்தொழுவம் தொடங்கிச் சிலுவை மட்டும் தேவனுக்கு ஆம் என்று சொன்ன வாழ்க்கை முழுவதும் பலி. இரத்தம் சிந்தியது அந்த ஆமின் கடைசி எழுத்து.

லேவியராகமத்தையும் கவனமாக வாசியுங்கள். பாவநிவாரணபலியை மகா பரிசுத்தமானது என்று 6ஆம் அதிகாரம் சொல்கிறது, தேவகோபத்தில் அருவருக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. 16ஆம் அதிகாரத்தில் இரண்டு கடாக்கள். இஸ்ரவேலின் அக்கிரமங்களை அறிக்கையிட்டுத் தலையில் சுமத்திய போக்காடு பலிபீடத்தில் சாகவில்லை, உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. ரோமர் 3:25-இல் நம் வேதாகமம் "கிருபாதாரபலி" என்று மொழிபெயர்த்த கிரேக்கச் சொல்லே எபிரெயர் 9:5-இல், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் குறித்து, "கிருபாசனம்" என்று வருகிறது. தேவன் இறங்கிவந்து தம் ஜனத்தைச் சந்திக்கும் இடம் அது.

ஏசாயா 53-ஐ மறந்தீரா என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று தெரியும். மறக்கவில்லை. நம் அக்கிரமத்தைக் கர்த்தர் அவர்மேல் விழப்பண்ணினார் என்பதை அப்படியே விசுவாசிக்கிறேன். ஆனால் அதை விழப்பண்ணினவர் யார், சுமந்தவர் யார்? தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல். நியாயாதிபதி மூன்றாம் ஆளைப் பிடித்துத் தண்டிக்கவில்லை. தாமே இறங்கி வந்து சுமந்தார். பிதாவை ஒரு பக்கமும் குமாரனை எதிர்ப்பக்கமும் நிறுத்திப் பிரசங்கிக்கிற அன்றைக்குத் திரித்துவ விசுவாசத்தைக் கைவிடுகிறோம். உங்கள் மாணவன் மறுத்தது அந்தப் பிரசங்கத்தை. நானும் அதை மறுக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அவன் வீட்டுக்குப் போய், சாத்தான் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு எபிரெயர் 10-ஐ அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லி, அவன் எந்த வசனத்தில் நிறுத்துகிறானோ அங்கே நீங்களும் அவனோடு நில்லுங்கள்.