வெளியே மேசை போட்டால் எத்தனை கார் கட்டம் காட்ட வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில் உணவகங்கள் நடைபாதையிலும், கார் நிறுத்தும் இடத்திலும் மேசை போட்டு நடத்துகிறார்கள். நகராட்சியின் பார்க்கிங் விதிகள் இதற்கு எப்படி இடம் கொடுக்கின்றன? கலிஃபோர்னியாவில் சிறிய அளவில் உணவகம் எடுக்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

என் மச்சான் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய தென்னிந்திய உணவகம் நடத்துகிறார். கணக்கு, பெர்மிட், நகராட்சிக் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. அதனால் இந்தக் கேள்வியோடு சில வருடங்கள் வாழ்ந்திருக்கிறேன். ஊர் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. பெரும்பாலான அமெரிக்க ஊர்களில், கடை திறக்கும்போதே இத்தனை கார் நிற்க இடம் இருக்க வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சக் கணக்கு உண்டு. உணவகம் என்றால் அந்தக் கணக்கு கடுமையாகவே இருக்கும். சில ஊர்களில் மூன்று இருக்கைக்கு ஒரு கட்டம், அதாவது ஒரு கார் நிற்கும் இடம். சில ஊர்களில் 1,000 சதுர அடிக்குப் பத்துக் கட்டம். ஒரு கார் நிற்கவும், அது வந்து திரும்பிப் போகவும் சேர்த்துச் சுமார் 330 சதுர அடி தேவை. பெருக்கிப் பாருங்கள்: 1,000 சதுர அடி உணவகத்துக்கு 3,300 சதுர அடி தார்த்தரை. சாப்பிடுகிற இடத்தைப்போல மூன்று மடங்கு இடம் காருக்கு. யூசிஎல்ஏ பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல பத்தாண்டுகளாக இதைத்தான் எடுத்துச் சொல்லிவந்தார். 2025-இல் காலமானார். அவர் பேச்சைக் கேட்டு விதியை மாற்றிய ஊர்கள் இன்று நிறைய.

இப்போது வெளியே மேசை போடுகிறீர்கள் என்று வையுங்கள். பழைய விதிப்படி இரண்டு பக்கமும் அடி விழும். மேசை போட்ட கட்டங்கள் கணக்கிலிருந்து போய்விடும். வெளியே கூடிய இருக்கைகளுக்குப் புதிதாகக் கட்டம் கேட்பார்கள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, 2020 ஜூன் 5 அன்று எங்கள் ஊர் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டி வெளியில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி கொடுத்தது. உள்ளே உட்கார அக்டோபர்வரை அனுமதி இல்லை. அந்த நான்கு மாதம் கடை உயிரோடு இருந்ததே வெளியே போட்ட ஆறு மேசைகளால்தான். கடைவரிசைக்கு முன்னால் பொது பார்க்கிங் லாட், மொத்தம் 62 கட்டம். அதில் எங்கள் வாசலை ஒட்டிய ஐந்து கட்டங்களை எடுத்து, ஓரத்தில் மரத்தொட்டிகள் வைத்து, மேலே துணிப்பந்தல் கட்டினோம். ஊர் ஒரு பக்கப் படிவத்தோடு விட்டுவிட்டது. எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட காலம் அது.

ஒரு வருடம் கழித்து, அதை நிரந்தரமாக்கிக்கொள்ளலாமா என்று நகராட்சியின் பிளானிங் கவுண்டரில் கேட்டேன். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஒரு தாளை எடுத்துக் கூட்டிக் காட்டினார். உள்ளே 48 இருக்கை, அதற்கு 16 கட்டம். வெளியே 24 இருக்கை, அதற்கு இன்னும் 8. நீங்கள் எடுத்துக்கொண்டது 5. ஆக, 13 கட்டம் குறைகிறது. வேறெங்காவது 13 கட்டம் காட்ட முடியுமா என்றார். அந்த வட்டாரத்தில் 13 கட்டத்துக்கான நிலத்தை எங்கே போய் வாங்குவது? வெளியே வந்து காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாளில் இருந்த கணக்கில் தப்பு இல்லை. அது எதை அளக்கிறது என்பதில்தான் தப்பு. வெளியே 24 இருக்கை போட்டதால் 24 பேர் கூடுதலாக வரவில்லை. உள்ளே உட்கார வேண்டியவர்களில் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்தார்கள். மழைநாளில் வெளியே யாருமே இல்லை.

அப்புறம்தான் காரை எண்ணத் தொடங்கினோம். இரண்டு வாரம், மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 முதல் 9 வரை, அரைமணிக்கு ஒரு தடவை. மச்சானின் மகன் ஆர்டர் எடுக்கும் பேடின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினான். பக்கத்தில் சலவைக் கடை, வரிக்கணக்குப் பார்க்கிற அலுவலகம், பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற மையம். மூன்றும் ஆறரை மணிக்கெல்லாம் அடைத்துவிடும். எங்களுக்குக் கூட்டம் வருவதே ஏழுக்கு மேல். வெள்ளிக்கிழமை இரவு ஒரே ஒரு தடவை காலிக் கட்டம் நான்காகக் குறைந்தது. மற்ற நேரமெல்லாம் பதினைந்துக்கு மேல் காலி. அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்து மனுவோடு இணைத்தேன். நகராட்சி ஊழியர்கள் இப்படி எண்ணிக் கொண்டுவந்த தாளை மதிக்கிறார்கள். இதை நீங்களும் செய்யுங்கள், செலவே இல்லை.

ஆனாலும் எங்களைக் காப்பாற்றியது சட்டம்தான். 2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஏபி 61 என்ற சட்டம் கையெழுத்தானது. பெருந்தொற்றுக் காலத்தில் வெளியே விரிவாக்கிய உணவிடத்துக்கு எத்தனை கட்டம் தேவைப்படுகிறதோ, அத்தனையை அந்தக் கடையின் பார்க்கிங் கடமையிலிருந்து ஊர் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 2023-இல் ஏபி 1217 வந்து அதை 2026 வரை நீட்டித்தது. இவை காலவரம்பு உள்ள ஏற்பாடுகள். ஆகவே நீங்கள் கடை எடுக்கப்போகும் ஊர் இதற்கென்று சொந்தமாக நிரந்தர விதி போட்டுவிட்டதா என்று முதலில் கேளுங்கள். நல்ல ஊர்கள் போட்டுவிட்டன.

இதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. ஏபி 2097, 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ரயில் நிலையம், அல்லது அடிக்கடி பேருந்து வரும் இரண்டு தடங்கள் சந்திக்கிற இடம் போன்ற பெரிய போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் கடை இருந்தால், பெரும்பாலும் ஊர் குறைந்தபட்சப் பார்க்கிங் கேட்கவே முடியாது. சான் ஹோசே அதற்கும் மேலே போய், 2022 டிசம்பரில் நகரம் முழுக்கவே குறைந்தபட்சக் கணக்கை எடுத்துவிட வாக்களித்தது. சான் பிரான்சிஸ்கோ 2018-லேயே எடுத்துவிட்டது. இந்த இரண்டு ஊரில் கடை பார்த்தீர்கள் என்றால், நான் மேலே சொன்ன 13 கட்டத் துயரம் உங்களுக்கு இல்லை.

கார் கட்டத்தில் மேசை போடுவது பெருந்தொற்றில் பிறந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கிலுள்ள மவுன்டன் வியூ ஊரின் காஸ்ட்ரோ தெரு 1990 வாக்கிலேயே திருத்தி அமைக்கப்பட்டது. நான்கு தடச் சாலையை மூன்றாகக் குறைத்து, ஓரத்தில் கார் நிற்கவும் மேசை போடவும் இரண்டுக்கும் ஏற்ற பட்டையை விட்டார்கள். கடைக்காரருக்கு எது வேண்டுமோ, பெர்மிட் வாங்கி அதைச் செய்துகொள்ளலாம். 2020-இல் தெருவின் சில பகுதிகளைக் காருக்கு மூடினார்கள், பிறகு நடப்பவர்களுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு மாலை போய்ப் பாருங்கள். தள்ளுவண்டியில் குழந்தை, பாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் என்று தெரு நிறைந்து கிடக்கும். கார் வைக்க அடுத்தடுத்த தெருக்களில் பொது லாட்டும் மாடிப் பார்க்கிங்கும் இருக்கின்றன. கடைக்குக் கடை தனித்தனியாகக் கட்டம் கேட்காமல், எல்லோருக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைத்தால் போதும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அந்தத் தெரு.

சான் பிரான்சிஸ்கோவில் 2005-இல் ரீபார் என்ற குழுவினர் பார்க்கிங் மீட்டரில் காசு போட்டுவிட்டு, காருக்குப் பதில் அந்தக் கட்டத்தில் புல்விரிப்பும் பெஞ்சும் மரமும் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2010-இல் அந்த நகரம் கொண்டுவந்த, கார் கட்டத்தை உட்காரும் இடமாக்கும் பார்க்லெட் திட்டம். அப்போது அது பொது இருக்கை. கடையில் வாங்காதவரும் உட்காரலாம். 2020-இல் ஷேர்டு ஸ்பேசஸ் என்று விரிந்தது, 2021-இல் நிரந்தரச் சட்டமானது. கடைக்கு மட்டுமான இருக்கை என்றால் கட்டணம் கூடுதல், எல்லோருக்கும் திறந்த இருக்கை என்றால் குறைவு. எனக்கு அந்த வேறுபாடு பிடித்திருக்கிறது. தெரு பொதுச்சொத்து. அதைத் தனக்கே வைத்துக்கொள்கிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டும்.

நியூயார்க்கில் ஒழுங்கு வேறு. அங்கே 2023-இல் நிரந்தரச் சட்டம் வந்தது. நடைபாதை மேசைகளுக்கு ஆண்டு முழுவதும் அனுமதி. சாலையில், கார் நிற்கும் ஓரத்தில் போடுவதற்கு ஏப்ரல் முதல் நவம்பர் கடைசிவரை மட்டும். குளிர்காலத்தில் கழற்றி எடுத்து எங்காவது வைத்திருந்து, மறுபடியும் பூட்ட வேண்டும். சிறிய கடைக்கு அந்தச் செலவு கனமானது.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். கார் கட்டத்தை எண்ணுவதைவிட முக்கியமானது, நடக்கிறவருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் வழி இருக்கிறதா என்பது. ஊனமுற்றோருக்கான கட்டங்களின் எண்ணிக்கை கூட்டரசு விதியில் இருக்கிறது. 25 கட்டம்வரை ஒன்று, 50 வரை இரண்டு, 75 வரை மூன்று. எங்கள் 62 கட்ட லாட்டுக்கு மூன்று. ஏபி 61 வந்தாலும், குறைந்தபட்சக் கணக்கே போனாலும், லாட் என்று ஒன்று இருக்கிறவரை இந்த மூன்றின்மேல் கை வைக்கக் கூடாது. அவற்றின் பக்கத்தில் குறுக்குக்கோடு போட்டிருக்கிற இடமும் அப்படியே. வண்டியிலிருந்து சாய்வுப்பலகை இறங்குகிற இடம் அது. நாற்காலி அடுக்கிவைக்க வசதியாகத் தெரியும், வைக்காதீர்கள்.

நாங்கள் ஒரு தப்பு செய்தோம். முதல் மாதம் மரத்தொட்டிகளை நடைபாதையோரம் வரிசையாக வைத்தோம். டேப் வைத்து அளக்கவில்லை. ஒரு மாலை, வழக்கமாக வருகிற அம்மா ஒருவர், மகள் தள்ளிவர, சக்கர நாற்காலியில் வந்தார். தொட்டிக்கும் தூணுக்கும் நடுவே முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. மகள் பின்னால் இழுத்து, திருப்பி, லாட்டுக்குள் இறங்கிக் கார்களுக்கு நடுவே சுற்றி வந்தாள். “பரவாயில்லை தம்பி, இட்லி சூடா இருந்தாச் சரி” என்றார் அந்த அம்மா. எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. அன்று இரவே தொட்டிகளைத் தள்ளிவைத்து ஆறடி விட்டோம். கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சம் 48 அங்குலம், நியூயார்க்கில் நடைபாதைக் கடைகளுக்கு 8 அடிக்குக் குறையாமல் கேட்கிறார்கள். கூட்டம் வருகிற இடமென்றால் நியூயார்க் கணக்கே சரி என்பது என் எண்ணம்.

தார்த்தரையின் சாய்வையும் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக லாட் எல்லாம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். எங்கள் கடைசி மேசையில் சாம்பார் கிண்ணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், அதை வைத்தே சரிவைக் கண்டுபிடித்தோம். சக்கர நாற்காலிக்கு ஒதுக்கும் மேசையின் தரையில் 48-க்கு 1 என்ற அளவுக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது. தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் கார் நிற்கக் கூடாது என்பது கலிஃபோர்னியா வாகனச் சட்டம். மேசைக்கும் அதே தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் பெரிதானால் தீயணைப்புத் துறையின் அனுமதி தனி. மது பரிமாறுவதாக இருந்தால் மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறையிடம் வெளியிடத்தையும் உரிமத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாகக் குத்தகை. ஊர் அனுமதி கொடுத்தாலும் லாட் உங்களுடையது இல்லை. அது பொது இடம் என்று குத்தகையில் எழுதியிருக்கும், பக்கத்துக் கடைக்காரரின் குத்தகையில் அவருக்கு இத்தனை கட்டம் என்று உறுதி கொடுத்திருக்கலாம். எங்கள் கட்டட உரிமையாளர் சம்மதித்தார், ஆனால் சலவைக் கடைக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. துணிமூட்டையைத் தூக்கி வருகிறவர் தூரத்தில் கார் வைக்க முடியாது என்றார். நியாயம்தானே. அவர் வாசலுக்கு நேரே இரண்டு கட்டத்தைப் பதினைந்து நிமிட நிறுத்தமாக மாற்றிக் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே, வெளியே மேசை போடும் உரிமையை, எந்தெந்தக் கட்டம் என்று வரைபடத்தோடு குத்தகையில் எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் அதற்கு ஒரு வாடகை சொல்வார்கள்.

எந்த ஊர், ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம், தனிக்கடையா கடைவரிசையா என்று கருத்தில் எழுதுங்கள். எந்த விதி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.