தற்கொலை செய்துகொண்டவருக்குக் கடவுளின் மன்னிப்பு உண்டா?

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் செத்தவீடு முடிந்த பிறகு மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி இது. மன்னிப்பு என்றால் நடந்தது சரி என்று கடவுள் சொல்வதல்ல, அந்த மனிதரைக் கைவிடாதிருப்பது.

உயிர் கடவுள் தந்தது என்பதால் தற்கொலை தவறு என்றே திருச்சபை சொல்கிறது. ஆனால் 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. கடும் காய்ச்சலில் பிதற்றியதை வைத்து யாராவது ஒருவரைக் குற்றம் பிடிப்போமா? புரட்டஸ்தாந்து சபைகளில் பலர் உரோமர் 8ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: சாவும் நம்மைக் கடவுளின் அன்பிலிருந்து பிரிக்காது.

சரி, அப்படியானால் சாவது பரவாயில்லையா? இல்லவே இல்லை. அந்த அன்பு உயிரோடு இருப்பவருக்கும்தானே! மனம் அந்தப் பக்கம் போனால் வீட்டில் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், அல்லது இலங்கையில் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு அழையுங்கள்.

அப்புறம், 'பூசை கிடையாது, சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) இடமில்லை' என்று இன்னும் சிலர் சொல்வது 1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் மிச்சம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை.