மூடிப்போன கெமிக்கல் கம்பெனி, மஞ்சளா வர்ற போர் தண்ணி: யார் மேல கேஸ் போடறது?

ராணிப்பேட்டை பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: வீட்டுக்குப் பின்னாடி பல வருஷமா மூடிக் கெடக்குற கெமிக்கல் கம்பெனி, உள்ள கழிவு குவிஞ்சு கெடக்கு, மழை பெஞ்சா போர் தண்ணி மஞ்சளா வருது, இப்ப எடத்தை வாங்கினவர் நான் நெலத்தைத்தான் வாங்கினேன் கழிவுக்கு நான் பொறுப்பில்லங்கிறார்.

அம்மா, மொதல்ல அந்தத் தண்ணியக் குடிக்கிறதையும் அதுல சமைக்கிறதையும் இன்னைக்கே நிறுத்துங்க. உங்க ஏரியாவுல மஞ்சள்னா குரோமியங்கிற நச்சு உலோகமா இருக்க வாய்ப்பு அதிகம், கொதிக்க வெச்சாலும் போகாது.

கம்பெனிய மூடிட்டா பொறுப்பு போயிடாது. உதய்பூர் பக்கம் பிச்ரி கிராமத்துல கெணறெல்லாம் கெட்டுப்போன கேஸ்ல, தயாரிப்பு நின்னு பல வருஷம் ஆனப்புறமும் மண்ணு, நிலத்தடி நீர் ரெண்டையும் சுத்தம் பண்ற செலவை அந்தக் கம்பெனிகதான் தரணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு, கட்டாம இழுத்தடிச்சதால 2011ல 37 கோடிக்கு மேல, அதுவும் 12% கூட்டு வட்டியோட கட்டச் சொன்னாங்க. அதே 1996ல உங்க வேலூர் தோல் பதனிடுற ஷாப்புங்க கேஸ்லயும், மாசு பண்ணினவங்களே செலவைத் தரணும்ங்கிற இதே கொள்கைதான்.

நெறைய பேர் கோட்டை விடறது சாம்பிள்லதான். நாமளே பாட்டில்ல புடிச்சு பிரைவேட் லேப்ல குடுத்த ரிப்போர்ட்டை, எங்க எடுத்தது யார் எடுத்ததுன்னு கேட்டே எதிர்த்தரப்பு வக்கீல் ஒடைச்சிடுவார். அதனால மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேர்ல வந்து எடுக்கணும்னு எழுத்துல மனு குடுங்க, கலெக்டருக்கும் ஒரு காப்பி, ரெண்டுக்கும் ரசீது கட்டாயம். 2025ல மாசடைஞ்ச இடங்களுக்குன்னே மத்திய அரசு தனி விதிகள் போட்டிருக்கு, சந்தேகப்படுற இடம்னு தகவல் போனா 90 நாளுக்குள்ள வாரியம் முதல்கட்ட ஆய்வு பண்ணணும், மனுவுல அதைக் குறிப்பிடுங்க. பழைய கம்பெனிக்குக் குடுத்த அனுமதி, மூடின உத்தரவு, முன்ன எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஆர்டிஐல கேளுங்க.

அப்புறம் கேஸ் போட வேண்டியது சென்னையில இருக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி கோர்ட் அது. அந்தத் தீர்ப்பாயச் சட்டம் 15ஆவது பிரிவுல நஷ்டஈடும் கேக்கலாம், மண்ணையும் தண்ணியையும் சரிபண்ணவும் கேக்கலாம், கெடு 5 வருஷம், அதுவும் பிரச்சனை மொத மொத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எண்ணுவாங்க, அதனால தண்ணி நெறம் மாறினது எப்பன்னு உடனே எழுதி வைங்க, தள்ளிப்போடாதீங்க. பழைய கம்பெனி, இப்ப எடத்துக்காரர், வாரியம், கலெக்டர் எல்லாரையும் எதிர்மனுதாரராச் சேத்துடுங்க, கம்பெனியைக் கலைக்கிற நடவடிக்கை நடந்துட்டிருந்தா, அதைப் பாத்துக்க நியமிச்ச லிக்விடேட்டரையும். யார் எவ்ளோ தரணும்ங்கிறது தீர்ப்பாயம் முடிவு பண்ற விஷயம், ஒருத்தரை விட்டுட்டா மத்தவங்க எல்லாம் அவர் மேலயே கையக் காட்டுவாங்க.

தெருவுல பாதிக்கப்பட்டவங்க சேந்து போட்டா நல்லது. செலவை நெனச்சு பயப்படாதீங்க, பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுங்க.