காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட வேண்டுமா?

கேள்வி: லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன். ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டதாம். 1,200 ரூபாய் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும் என்று கடைக்காரர் சொல்கிறார். நான் மெயில் பார்ப்பேன், பேத்தியோடு வீடியோவில் பேசுவேன், மாதம் ஒருமுறை பென்ஷன் கணக்கைப் பார்ப்பேன். அவ்வளவுதான். இதற்குக் கட்டத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வலங்கைமான்

பதில்: கட்ட வேண்டாம் சார். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மன்னார்குடி பந்தலடிப் பக்கம் நான் கடை போட்டது 2003-ல். அப்போது விண்டோஸ் எக்ஸ்பி காலம். சிஸ்டத்தோடு ஆன்டிவைரஸ் எதுவும் வராது. அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் ஆன்டிவைரஸ் சிடி விற்றேன், அன்றைக்கு அது தேவைதான். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. 10-லும் 11-லும் அதுதான் இருக்கிறது. தனியாகக் காசு கிடையாது. உங்களைப் போல வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அது போதும்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டிப் பாருங்கள். கேடயப் படத்தில் பச்சை டிக் இருந்தால் சரி. இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் காலாவதியானதை அப்படியே விட்டுவைக்காமல் நீக்கிவிடுங்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும்.

ஆன்டிவைரஸைவிட நான் கவலைப்படுவது அப்டேட்டைப் பற்றித்தான். 2017 மே 12-ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் கிளம்பி, சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லேப்டாப் தாங்குமென்றால் 11-க்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த வேலைக்குக் கூலி கொடுக்கலாம், நியாயமான செலவு.

காசு கட்டிய ஆன்டிவைரஸ் இருந்தும் ஏமாந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 தை மாதம், கும்பகோணம் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்தார். ஆல்பம் செய்யும் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்டுவதற்கான திருட்டு ‘கிராக்’கை எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார். ‘நிறுவுமுன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்’ என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கட்டிய சந்தா இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கும்போதே, தன் கையாலேயே அதை நிறுத்தியிருக்கிறார். காலையில் பார்த்தால் எல்லா ஃபைல் பெயருக்கும் வால் முளைத்திருந்தது, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490.

உள்ளே ஒரு கல்யாணம் முழுவதும் இருந்தது, வேறு பிரதி கிடையாது. கேமரா கார்டையும் அடுத்த வேலைக்காக அழித்துவிட்டிருந்தார். அந்த வகை ரான்சம்வேர் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி (கிலோபைட்) அளவை, அதாவது தொடக்கத்தில் ஒரு சின்னப் பகுதியைத்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோக்கள் சிலவற்றின் தலையைச் சரிசெய்து எடுக்க முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கெட்டிமேளச் சத்தத்தோடு ஒரு வீடியோ ஓடியது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். புகைப்படங்களில் பெரும்பாலானவை கடைசிவரை திறக்கவில்லை. பெண் வீட்டாரிடம் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

அதனால்தான் சார், அந்த 1,200 ரூபாய்க்கு நல்ல பென்டிரைவ் ஒன்று வாங்கிப் பேத்தியின் படங்களையும் முக்கியக் காகிதங்களின் ஸ்கேனையும் அதில் போடுங்கள். போட்டதும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கேள்வி: பயிர்க் காப்பீட்டுக்காக சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் பென்டிரைவில் வைத்திருந்தேன். கணினி மையத்தில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து வீட்டில் செருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு நிற்கின்றன. வைரஸ் தின்றுவிட்டதா?
– விவசாயி, நீடாமங்கலம்

பதில்: தின்னவில்லை ஐயா, ஒளித்து வைத்திருக்கிறது. பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ பாருங்கள். முன்பு எவ்வளவு இடம் நிரம்பியிருந்ததோ அவ்வளவும் நிரம்பித்தான் இருக்கும். அம்புக்குறி போட்ட ஃபோல்டரின் அளவைப் பாருங்கள், ஒன்றிரண்டு கேபிதான் காட்டும். அது உங்கள் ஃபோல்டரே இல்லை, ஷார்ட்கட், அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி. தயவுசெய்து அதை டபுள் கிளிக் செய்யாதீர்கள். செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கணினியிலும் ஏறியிருக்கும்.

முதலில் பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதிக்குப் போய், மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழேயே ‘ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற வரியில் ஒரு டிக் இருக்கும், அதையும் எடுங்கள். இதை விட்டுவிடுவதால்தான் பலர் ‘ஒன்றும் வரவில்லை’ என்று வருகிறார்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் கிடக்கும். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் ஆகியவற்றை மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் அடித்துவிடுங்கள். பிறகு அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

சம்பாக் காப்பீட்டுக் கெடு நெருங்கும் நாட்களில் அந்த மையத்துக் கணினியில் ஒரே நாளில் எத்தனை பேர் பென்டிரைவைச் செருகுகிறார்கள்! அவர்களையும் குறை சொல்ல முடியாது, வரிசை வாசல்வரை நிற்கும்போது யார் நின்று ஸ்கேன் செய்வார்கள்? நீங்கள்தான் வெளியே கொண்டுபோக ஒரு பென்டிரைவ், வீட்டுக்கு ஒரு பென்டிரைவ் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே போவதில் பிரிண்ட் எடுக்க வேண்டிய நகல் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: திரையின் கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று அடிக்கடி வருகிறது. கூப்பிடச் சொல்லி ஒரு போன் நம்பரும் தெரிகிறது. பேசலாமா?
– இல்லத்தரசி, திருத்துறைப்பூண்டி

பதில்: பேசவே கூடாது அம்மா. அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டு ஏதோ ஒரு தளத்தில் ‘அலோ’ (Allow) பட்டன் வந்திருக்கும், நீங்கள் அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் இப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள், நின்றுவிடும். ஏற்கெனவே அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்ன ஆப்பைப் போட்டிருந்தால், முதலில் நெட்டைத் துண்டித்து ஆப்பை நீக்குங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லி, பாஸ்வேர்டையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பணம் போயிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து மூன்று நாள் கழித்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். அதற்குள் பணம் பல கணக்கு மாறிவிடுகிறது.