கழிவுநீரைத் தெளிவிக்கும் கற்படுகை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரில் நூறு வீடுகள். குளியல், சமையல், துணி துவைப்பு நீரெல்லாம் வாய்க்காலில் சேர்ந்து ஊருணியில் விழுகிறது. மோட்டாரும் ஆளும் வைத்துச் சுத்திகரிப்பு நிலையம் நடத்த ஊராட்சியில் நிதி இல்லை. கல்வாழை நட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா? எவ்வளவு இடம் வேண்டும்?
– ஊராட்சி மன்ற உறுப்பினர் ஒருவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: கல்வாழை மட்டும் போதாது. ஜல்லி நிரப்பிய ஆழமற்ற படுகையில் அதை நட்டு, ஜல்லியின் ஊடே கழிவுநீரை ஓடவிட வேண்டும். 1950களில் ஜெர்மனியில் கேதே சைடல் என்ற ஆய்வாளர் நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆய்வுகளைத் தொடங்கிய காலம் முதல் செடிகளுக்கே பெயர் கிடைத்து வருகிறது. ஆனால் அழுக்கின் பெரும்பகுதியைத் தின்று தீர்ப்பவை ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படியும் நுண்ணுயிர்கள்தாம். வேர்கள் அவற்றுக்குக் கூடுதல் இடம் தந்து, சிறிதளவு ஆக்சிஜனையும் சேர்க்கின்றன.

இடத்தைக் கணக்கிடுவோம். நானூறு பேர், ஆளுக்கு 80 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 32 கன மீட்டர் நீர். படுகைக்கு முந்தைய தொட்டியில் தெளிந்து வரும் நீரின் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்றும், அதை 30 ஆகக் குறைக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், வெப்பப் பகுதிகளுக்கான வழக்கமான வாய்பாட்டின்படி ஏறத்தாழ 345 சதுர மீட்டர், அதாவது எட்டரை சென்ட் நிலம் தேவைப்படும். மின்சாரம் இல்லாமல் நடக்க வேண்டுமானால் நிலத்தைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். புறம்போக்கு இருக்கும் ஊருக்கே இம்முறை மலிவு.

இந்த நிலத்தை வாய்க்கால்போல நீளமாக வெட்டிவிடாதீர்கள். அப்படி வெட்டினால் அத்தனை அழுக்கும் குறுகிய முகப்பில் மோதி ஜல்லி விரைவில் அடைத்துக்கொள்ளும். 16 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம் கொண்ட இரண்டு படுகைகளாகப் பிரித்தால், ஒன்றைப் பழுதுபார்க்கும்போது மற்றொன்று ஓரளவு தாங்கும். ஆழம் 60 சென்டிமீட்டர். அடித்தளம் நூறுக்கு ஒன்று சரிவு. கசியாதிருக்கத் தடித்த பாலித்தீன் விரிப்பு அல்லது சிமெண்ட் தளம். நீர் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் கைப்பிடி அளவுக் கற்கள், நடுவில் அரை முதல் முக்கால் இஞ்சு ஜல்லி. ஜல்லியைக் கழுவாமல் கொட்டினால் கிரஷர் தூள் அடியில் சேறாக இறங்கி, முதல் நாளிலேயே அடைப்புக்கு வித்திட்டுவிடும். கழுவும் கூலியை ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, படுகைக்கு முன்னால் கட்டும் தெளிவுத் தொட்டி. ஒரு நாள் நீராவது அதில் தங்க வேண்டும். அடுப்படி எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அங்கேயே நின்றுவிட வேண்டும். தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு நிரம்புவதற்குள் கசடை எடுத்துவிட வேண்டும். செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது இந்தத் தொட்டியில்தான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதை விட்டுவிட்டுக் கட்டிய படுகை அடைத்துக்கொள்ளாமல் நெடுநாள் ஓடாது.

நேரில் பார்க்க விரும்பினால், புதுச்சேரி தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் இவ்வகைப் படுகை உண்டு. நேபாளத்தின் துலிகேல் மருத்துவமனை 1997ஆம் ஆண்டிலேயே இம்முறையை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: கொசு பெருகாதா?
– இல்லத்தரசி ஒருவர், காரைக்குடி

பதில்: ஜல்லியின் மேற்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழேயே நீர் ஓடுவதால் கொசு முட்டையிட நீர்ப்பரப்பு கிடைக்காது. வெளியேறும் குழாயின் முனையில் திருப்பக்கூடிய எல்போ (வளைவுக் குழாய்த் துண்டு) ஒன்றைப் பொருத்தினால் நீர்மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும். மட்டம் சரியாக இருந்தும் மேலே நீர் தேங்கினால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: வெளிவரும் நீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சலாமா?
– விவசாயி ஒருவர், மேலூர்

பதில்: கூடாது. நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் முழுவதும் அழிவதில்லை. தென்னைக்கும் வாழைக்கும், இலையிலும் காயிலும் படாதபடி வேரடியில் விடலாம். இவ்வகைப் படுகைக்குள் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அமோனியாவின் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடுகிறது; பாஸ்பரஸும் ஓரளவே நீங்குகிறது. அவை மரத்துக்கு உரமாகும், ஊருணியில் சேர்ந்தாலோ பாசி பிடிக்கும். ஆகவே முதல் கேள்வி கேட்ட உறுப்பினரும், தெளிந்த நீரை ஊருணியில் விடாமல் தென்னந்தோப்புக்குத் திருப்புவதே நல்லது.