நீடாமங்கலம் கேட்டுல கேட்ட ஆல்பம் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்க மன்னார்குடில ஒண்ணா படிச்ச அஞ்சு பேரு. இப்ப ஆளுக்கு ஒரு பக்கம் வேலை, ஆனா ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஊருக்கு வந்தவங்க எல்லாம் தெப்பக்குளத்து படியில உக்காந்து அந்த வாரம் மொத மொதல்ல கேட்ட ஒரு ஆல்பத்த பத்தி சொல்லணும், 10க்கு மார்க்கும் போடணும். ஒரு வருஷமா இது நடக்குது. போன வாரம் நான் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட 'ஏ லவ் சுப்ரீம்' கேட்டேன். கும்பகோணம் போற பஸ்ல கேட்டேன், கூட ஃப்ரெண்டு வந்ததால ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டோம். காசு கட்டாத ஆப், நடுவுல நடுவுல விளம்பரம், வரிசையும் அதுவா மாத்தி போட்டுச்சு, மூணாவது பகுதிதான் மொதல்ல வந்துச்சு. எனக்கு ஒரே எரைச்சலா இருந்துச்சுக்கா. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல பஸ் நின்னு எஞ்சின ஆஃப் பண்ணப்ப மட்டும் ஒரு எடம், சாக்ஸஃபோன் மெதுவா யாருகிட்டயோ பேசுற மாதிரி போச்சு, அது என்னமோ பண்ணுச்சு. மத்தபடி ஒண்ணும் ஒட்டல. 10க்கு 3 போட்டேன். எங்க செட்டுல நெறைய கேக்குற ஒருத்தன் 'உலகமே கொண்டாடுற ஆல்பத்துக்கு 3 போடுறவனுக்கு காதே இல்ல'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். இன்னொருத்தன் ஜாஸும் நம்ம இசையும் கலந்து வாசிச்ச சக்தி குழுவோட மொத ஆல்பத்துக்கு 9 போட்டான், எல்லாரும் கை தட்டுனாங்க. மொத தடவ கேட்டு மனசுல பட்டத சொல்றது தப்பா? புரியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டுதான் இருக்கணுமா?

அன்புடன்,
மன்னார்குடி வாசகன்

---

அன்புள்ள தம்பி,

தப்பே இல்ல. மொத தடவ கேக்குறதுங்குறது ஒரு ஆல்பத்துக்கு ஒரே ஒரு தடவதான் கெடைக்கும், ரெண்டாவது தடவ கேக்கும்போது நீ வேற ஆளு, அடுத்து என்ன வரும்னு உனக்கு தெரிஞ்சிடும், அதனால அந்த மொத தடவ என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு ஒரு மதிப்பு இருக்கு, அத நீ சொல்லித்தான் ஆகணும். ஆனா உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன், அதுல நீ போட்ட 3ங்குற மார்க்கு எனக்கு பெருசா தெரியல, அந்த நீடாமங்கலம் கேட்டுதான் பெருசா தெரிஞ்சுச்சு. அத 'மத்தபடி'ன்னு ஒரு வார்த்தையில தாண்டி போயிட்ட. நான் அங்கதான் நிக்கப்போறேன்.

மொதல்ல உனக்கு என்ன நடந்துச்சுன்னு பாப்போம். அந்த ஆல்பம் 1964 டிசம்பர்ல ரெக்கார்ட் பண்ணி 1965ல வந்தது. மொத்தமே 33 நிமிஷம்தான். நாலு பகுதி, எல்பி தட்டுல மொத பக்கம் ரெண்டு, மறுபக்கம் ரெண்டு. மொத பகுதி ஆரம்பிக்கும்போது நம்ம கோயில்ல சேகண்டி அடிக்கிற மாதிரி ஒரு பெரிய தட்டுச் சத்தம் வரும், அது அடங்கினதும் ஜிம்மி கேரிஸன்னு பாஸ்ங்குற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிறவரு நாலே நாலு ஸ்வரத்த எடுத்து திரும்பத் திரும்ப வாசிப்பாரு. அதுதான் வாசப்படி. அப்புறம் அந்த நாலு ஸ்வரத்த கோல்ட்ரேன் எடுத்து ஒரு சுருதியில வாசிச்சு, அடுத்த சுருதிக்கு மாத்தி, இன்னொண்ணுக்கு மாத்தி, மேற்கத்திய இசையில இருக்குற பன்னெண்டு சுருதியிலயும் கொண்டு போயி வெச்சு காட்டுவாரு, எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரே சாமி இருக்குற மாதிரி. கடைசியில சாக்ஸஃபோன கீழ வெச்சுட்டு அதே நாலு ஸ்வரத்துல ஆல்பத்தோட பேர வாயாலயே பாடுவாரு. இதையெல்லாம் நீ கேட்டுட்டு வந்து பிடிக்கலன்னா அது ஒரு கதை. உனக்கு அந்த ஆப் போட்டது மூணாவது பகுதிய. அது எல்வின் ஜோன்ஸோட ட்ரம்ஸ் மட்டும் தனியா ஆரம்பிக்கிற எடம். நம்ம கச்சேரில வர்ணமும் கேக்காம, ராகமும் கேக்காம, நேரா தனி ஆவர்த்தனம் நடக்கும்போது உள்ள நொழஞ்சா எப்படி இருக்கும்? எரைச்சலாதான் இருக்கும், உன் காது சரியாதான் சொல்லியிருக்கு.

அப்புறம் ஒத்தக் காது. அந்தக் காலத்து ஸ்டீரியோ ரெக்கார்டிங்ல வாத்தியங்கள எடது, வலதுன்னு நல்லா பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டா நீ ஒரு பாதி கேட்ட, உன் ஃப்ரெண்டு இன்னொரு பாதி கேட்டான். ரெண்டு பேரும் ஒரே ஆல்பத்த கேட்டதா நெனச்சுக்கிட்டு எறங்கியிருக்கீங்க. அவன்கிட்ட கேட்டுப்பாரு, அவனுக்கு எது தூக்கலா கேட்டுச்சுன்னு, வேற பதில் வந்தாலும் வரும்.

இத நான் லேசா சொல்லல, எனக்கும் இது நடந்திருக்கு. 80கள் கடைசியில நான் கும்பகோணத்துல படிச்சப்ப இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' கேசட்ட பத்தி எல்லாரும் பேசுவாங்க, 1986ல வந்தது, சினிமா பாட்டு இல்லாத ஆல்பம், பாட்டே இல்லாத ஆல்பம். ஒரிஜினல் கேசட் வாங்க காசு இல்ல. பக்கத்துல ஒரு ரெக்கார்டிங் கடை, வெத்துக் கேசட் குடுத்தா பதிஞ்சு குடுப்பாங்க. 60 நிமிஷ கேசட்டு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதுல பாதிக்கு ஏற்கெனவே சினிமா பாட்டு, மிச்ச எடத்துல இத பதிஞ்சு தாங்கன்னு குடுத்தேன். அவங்களும் பதிஞ்சு குடுத்தாங்க, இடம் பத்துமான்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. அட்டையில ஒரு பேரும் எழுதல.

அந்தக் கேசட்ட நான் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே கெடையாது. தேஞ்சு போயி, ஒரு தடவ சிக்கி, பென்சில விட்டு சுத்தி சரி பண்ணி மறுபடி கேட்டேன். அதுல கடைசியா ஒரு வயலின் வரும், தாரை மாதிரி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், அது மேல இன்னும் சில தந்தி வாத்தியங்க வந்து ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும்போது டக்குன்னு நின்னுடும். டேப்பு தீந்துபோச்சு. நான் என்ன நெனச்சேன்னா அந்தப் பாட்டே அப்படித்தான்னு நெனச்சேன். பெரியவங்க எதாவது ஒரு காரணத்துக்காக அப்படி முடிச்சிருப்பாங்கன்னு. 'முடிவ அறுத்து விட்டுட்டாரு, என்னா தைரியம்'னு ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், முழு மனசோட சொன்னேன்.

சில வருஷம் கழிச்சு வேலைக்கு வந்து மொத சம்பளத்துல தஞ்சாவூர்ல ஒரிஜினல் கேசட் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுலயே பிரிச்சு உள்ள இருந்த அட்டைய படிச்சேன். நான் கேட்டுக்கிட்டு இருந்த அந்தக் கடைசி துண்டுக்கு பேரு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அதாவது என் வீட்டுல பாக்குங்குற ஜெர்மன் இசை மேதைய சந்திச்சேன். பாக் தனி வயலினுக்கு எழுதின ஒண்ண அப்படியே எடுத்து வெச்சு அது மேல இளையராஜா தன்னோட தந்திகள கட்டியிருக்காரு, அதத்தான் நான் கேட்டிருக்கேன். அதுக்கு அடுத்த துண்டோட பேரு '...அண்ட் வி ஹேட் எ டாக்', அப்புறம் நாங்க பேசினோம். தம்பி, ரெண்டு தலைப்பையும் சேத்து படி, அது ஒரே வாக்கியம். அவரு வீட்டுக்கு வந்த விருந்தாளி பாதி வாசல்ல நிக்கும்போதே என் டேப்பு தீந்துபோச்சு, அவங்க உக்காந்து பேசின பேச்சே எனக்கு வரல. அது வரலன்னுகூட எனக்கு தெரியாது. அந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து நான் அழுதேன், கூட்டத்த பத்தி கவலையே படல.

அந்த ஆல்பத்த அவரு தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேத்து சமர்ப்பணம் பண்ணியிருக்காரு. பாக் செத்தது 1750, தியாகராஜர் திருவாரூர்ல பொறந்தது 1767. பாத்துக்கவே முடியாத ரெண்டு பேரு. 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'ன்னு ஒண்ணு வரும், அது முடிஞ்சு அடுத்து பாக் வர்றாரு. மொதல்ல திருவையாத்துக்காரர கூப்புட்டு உக்கார வெச்சிட்டு அப்புறம் அவர கூப்புடுறாங்க. இந்த வரிசையில ஒண்ணு மாறினா போச்சு. ஆல்பம்ங்குறது பத்து பாட்டோட மூட்ட கெடையாது, ஒருத்தர் உக்காந்து எது முன்ன எது பின்னன்னு யோசிச்சு வெச்சது. ஆப் அத கலச்சுப் போடும்போது உனக்கு வேற ஒண்ணு கெடைக்குது, அவரு குடுத்தது கெடைக்கல.

இது புது வெவகாரமும் இல்ல. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷ சொச்சம்தான் வரும். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகம், கோயில்ல வாசிச்சா ராத்திரி முழுக்க போகும்னு எங்க தாத்தா சொல்லுவாரு, அந்த மனுசன்தான் தட்டுக்குள்ளயும் தோடிய அடக்கி வாசிச்சாரு. தட்டு மட்டும் கேட்ட ஒருத்தர் 'நல்லாருக்கு, ஆனா இவ்ளோதானா'ன்னு சொல்லியிருந்தா அது அவரு கேட்டதுக்கு உண்மையான பேச்சு. ஆனா அந்தப் பேச்சோட 'நான் தட்டுல கேட்டேன்'ங்குறதும் சேந்து வரணும். நான் உனக்கு சொல்றது இவ்ளோதான். மொத தடவ கேட்டத சொல்லு, எப்படி கேட்டன்னும் சொல்லு, எந்த எடத்துல காது நின்னுச்சுன்னு சொல்லு. மார்க்கு வேணாம். மார்க்கு போட்டா பேச்சு மார்க்க சுத்திதான் போகும், 3 ஏன், 9 ஏன்னு. ஆல்பத்த பத்தி யாரும் பேச மாட்டாங்க. உங்க படிக்கட்டுல அதான் நடந்திருக்கு.

இப்ப நீடாமங்கலம் கேட்டு. எஞ்சின ஆஃப் பண்ணாங்க, சத்தம் நின்னுச்சு, சாக்ஸஃபோன் மெதுவா பேசுற மாதிரி போச்சுன்னு எழுதியிருக்க. அது நாலாவது பகுதியாத்தான் இருக்கணும், 'சாம்'னு பேரு, தோத்திரம்னு அர்த்தம். அதுல பின்னாடி ட்ரம்ஸ் தூரத்து இடி மாதிரி உருண்டுக்கிட்டே இருக்கும், தாளக்கட்டு இருக்காது, முன்னாடி அவரு ஒருத்தர்தான். கோல்ட்ரேன் கடவுளுக்கு நன்றி சொல்லி ஒரு கவிதை எழுதினாரு, அது அந்தத் தட்டோட அட்டையிலயே அச்சாகியிருக்கு. 1957ல குடி, போதை எல்லாத்துலேந்தும் வெளிய வந்து வேற மனுசனா ஆனவரு அவரு, அதுக்கான நன்றி. நாலாவது பகுதியில அவரு வாசிக்கிறது அந்தக் கவிதையோட சொல்லுங்கதான், அசை அசையா, வாயால சொல்லாம வாத்தியத்தால. அட்டைய கையில வெச்சுக்கிட்டு கேட்டா வரி வரியா கூடவே படிச்சுக்கிட்டு போகலாம்.

உனக்கு இது தெரியாது. கவிதை இருக்குறது தெரியாது, அட்டைய பாக்கல, ஒத்தக் காது, கேட்டுல நிக்கிற பஸ்ஸு, கடலை விக்கிறவரு கூவிக்கிட்டு போயிருப்பாரு. இருந்தும் 'யாருகிட்டயோ பேசுற மாதிரி'ன்னு எழுதியிருக்க. காது இல்லாதவன் எழுதுற வரியா அது? உங்க ஊரு பையனுக்கு அது கேக்கும்னு எனக்கு தோணுது, ஏன்னா நாம நாதஸ்வரத்த அப்படித்தான் கேட்டு வளந்தோம். கீர்த்தனை வாசிச்சா சாகித்யம் காதுல விழணும்பாங்க, சீவாளிய வாயில வெச்சுக்கிட்டு அவங்க சொல்ல ஊதுறாங்க, திண்ணையில உக்காந்திருக்குற பாட்டி கூடவே முணுமுணுப்பாங்க. அதுவும் காத்து, சாக்ஸஃபோனும் காத்து. வாயில வெக்கிறது ரெண்டுக்கும் தட்டைதான், இங்க காவேரிக் கரையில வெளையுற கொறுக்கந்தட்டை, அங்க வேற ஒரு தட்டை. கோல்ட்ரேனும் நம்ம பக்கத்து இசையில மனசு வெச்சவருதான், 1965ல பொறந்த பையனுக்கு ரவி சங்கர் ஞாபகமா ரவின்னு பேரு வெச்சாரு.

உன்ன காது இல்லன்னு சொன்ன தம்பிகிட்ட கோவப்படாத. அவன் அந்த ஆல்பத்த நேசிக்கிறான், அதான் சுருக்குன்னு வந்துடுச்சு. ஆனா 'உலகம் கொண்டாடுது'ங்குறது உலகத்தோட பேச்சு, அவன் பேச்சு எங்க? அவனுக்கு எந்த எடத்துல நின்னுச்சுன்னு கேளு, அவன் சொல்ற எடத்த நீ போயி கேளு. 9 போட்ட தம்பியையும் கேளு. சக்தி மொத ஆல்பம் 1975 ஜூலையில நியூயார்க் பக்கத்துல ஒரு காலேஜ்ல மேடையில வாசிச்சத பதிஞ்சது, மூணே துண்டு, மொதலாவது 18 நிமிஷம் பறக்கும், விக்கு விநாயக்ராம் கடமும் ஜாகிர் உசேன் தபலாவும் சேந்து ஓடுற ஓட்டத்துக்கு யாரா இருந்தாலும் 9 போடுவாங்க. கடைசி துண்டு கிட்டத்தட்ட அரை மணி நேரம். அத முழுசா உக்காந்து கேட்டானா, அங்க அவனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு தெரிஞ்சுக்கணும்.

நீ செய்ய வேண்டியது, ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு காதுலயும் மாட்டிக்க, ஃப்ரெண்டுக்கு அவன் இயர்ஃபோன் இருக்கட்டும், வரிசைய மாத்தாம முழு ஆல்பமா எங்க கெடைக்குதோ அங்க போடு. ரெண்டு பகுதி முடிஞ்சதும் நிறுத்தி எழுந்து போயி தண்ணி குடிச்சிட்டு வா, தட்ட திருப்பிப் போடுற நேரம் அது, அந்த இடைவெளியும் அதுல இருக்கு. அப்புறம் மூணும் நாலும் விடாம கேளு. கேட்டும் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு எழுது, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். அந்த 3 அப்படியே இருக்கட்டும், அழிக்காத, அதுக்குப் பக்கத்துல 'பஸ், ஒத்தக் காது, மூணாவதுலேந்து ஆரம்பம்'னு எழுதி வெச்சுக்க, கீழ நீடாமங்கலம் கேட்டுன்னு தனியா ஒரு வரி எழுது.

அடுத்த ஞாயித்துக்கெழம படியில உக்காரும்போது அந்த ஒரு வரிய மட்டும் எல்லாருக்கும் சொல்லு. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா